நாளையின் பாரம்: மனப்பதற்றமும் கிறிஸ்தவ விசுவாசமும்

மனப்பதற்றம் என்பது இன்னும் நடக்காத ஒன்றுக்கு உடல் இப்போதே காட்டும் எதிர்வினை. பயத்துக்கு எதிரே ஒரு பொருள் இருக்கும்: படமெடுத்து நிற்கும் பாம்பு, தாறுமாறாக வரும் லாரி. பதற்றத்துக்கு எதிரே பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. ரத்தப் பரிசோதனையில் என்ன வருமோ, வேலை நிலைக்குமோ, மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமோ என்று மனம் ஒவ்வொரு ‘ஒருவேளை’யாக எடுத்துப் பார்க்கிறது. ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டதாக நம்பி இதயம் படபடக்கிறது, வயிறு பிசைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

இந்த ஏற்பாடு உயிரைக் காப்பதற்காக அமைந்தது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் தன்னைத் தயார் செய்துகொள்ளும் விதத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விவரித்தார். மூளையின் உட்பகுதியிலுள்ள அமிக்டலா, ஆபத்தின் சாயலைக் கண்டதுமே, நிதானமாக ஆராயும் பகுதி தன் வேலையை முடிக்கும் முன்பே எச்சரித்துவிடுகிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, பின்னாலேயே கார்ட்டிசாலும். கயிற்றைப் பாம்பென்று நினைத்துத் துள்ளியவர் பிழைத்துக்கொள்வார்; பாம்பைக் கயிறென்று நினைத்து மிதித்தவர் பிழைப்பது அரிது. ஆகவே இந்த எச்சரிக்கை தேவைக்கு அதிகமாகவே ஒலிக்கும்.

தேர்வுக்கு முந்தைய நாள் வரும் பதற்றம் பிள்ளையைப் படிக்க உட்கார வைக்கிறது. காரணம் நீங்கிய பின்னும் நீங்காமல், அன்றாட வாழ்வையே முடக்கும்போதுதான் அது நோயாகிறது. ஆறு மாதங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றிக் கட்டுக்கடங்காத கவலை. அதோடு தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல், களைப்பு, கவனச் சிதறல். இவை சேர்ந்து வருவதை மருத்துவர்கள் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். திடீரென்று எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, உயிரே போகப்போகிறது என்று நம்ப வைக்கும் பீதித் தாக்குதல் இன்னொரு வகை. மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி சரியாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பப்படுபவர்களில் இந்த வகையினரும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகெங்கும் 30 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தார்கள். மனநலக் குறைபாடுகளில் மிகப் பரவலானது இதுதான்.

இத்தனை பரவலான ஒன்று ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் சபைக்குள் வரும்போது அதோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. கவலைப்படக் கூடாது என்று இயேசு சொன்னார், பவுலும் சொன்னார். அப்படியிருக்க ஒரு விசுவாசி கவலைப்படுவது கீழ்ப்படியாமை அல்லவா என்ற கேள்வி எழுகிறது. ‘விசுவாசம் போதவில்லை’, ‘இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்’, ‘அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது’ என்றெல்லாம் சொல்லப்படுகிறது. அன்போடு சொல்லப்பட்டாலும் இந்த வார்த்தைகள் பாரத்தைக் கூட்டுகின்றன. வேலையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவர் இப்போது தம் ரட்சிப்பைப் பற்றியும் கவலைப்படத் தொடங்குகிறார். மனித மனம் இயங்கும் விதத்தை வைத்துப் பார்த்தாலும் இந்த அணுகுமுறை தவறு. வேதத்தை வைத்துப் பார்த்தாலும் தவறு.

ஆகாயத்துப் பறவைகளைப் பார்க்கச் சொன்னது ஏன்?

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்னதும் நோயாளிக்குக் குரங்கைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை என்ற கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் அதையே ஆய்வுக்கூடத்தில் காட்டினார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கு அந்த நினைவு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. ஓர் எண்ணம் வரக் கூடாதென்று காவல் காக்கும் மனம், அது வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே அதை நினைத்தாக வேண்டும். ‘கவலைப்படாதே’ என்ற வெறும் கட்டளையால் கவலை போகாததற்குக் காரணம் இதுதான்.

மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் வெறும் கட்டளை மட்டும் இல்லை. கவலை வேண்டாம் என்றவுடன் ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள், காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளர்கின்றன என்று கவனியுங்கள் என்ற அழைப்பு வருகிறது. மனத்தைக் காலி செய்யும்படி யாரையும் கேட்கவில்லை. கற்பனையான நாளையில் மாட்டிக்கொண்ட கவனத்தை, கண்ணெதிரே இன்று இருக்கும் ஒன்றின் மீது திருப்புவதே அங்கு நடக்கிறது. துன்பமே வராது என்ற வாக்குறுதியும் அங்கே இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தப் பகுதி முடிகிறது. இன்றைய பாட்டுக்கு இன்றைய பலம் போதும். நாளையின் பாட்டையும் இன்றே சேர்த்துச் சுமந்தால் எந்தத் தோளும் தாங்காது. பதற்றத்தைப் பற்றி 1844இல் தனி நூலே எழுதிய டென்மார்க் சிந்தனையாளர் சோரன் கீர்க்ககோர், 1849இல் இந்தப் பறவைகளையும் மலர்களையும் ஆசிரியர்களாக வைத்து இன்னொரு சிறு நூல் எழுதினார். அவற்றிடம் மனிதன் கற்க வேண்டிய முதல் பாடமாக அவர் சொன்னது மௌனம்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவர் அதைக் காவலில் இருந்து எழுதினார். தமக்கு விடுதலையா மரணமா என்பதே தெரியாத நிலை. கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்து மூன்று வேலைகள் தருகிறார். மொத்தமாகத் தவிக்காமல், வேண்டியதை வேண்டுதலாகப் பெயர் சொல்லித் தெரிவிப்பது ஒன்று. அதை நன்றியோடு செய்வது இன்னொன்று. அப்போது தேவசமாதானம் இருதயத்துக்குக் காவல் நிற்கும் என்கிறார். ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேறிய பிலிப்பி பட்டணத்தாருக்குக் காவல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்திருக்காது. மூன்றாவது, மனம் எவற்றில் தங்க வேண்டும் என்பதற்கான வரிசை. அந்த வரிசையில் முதலிடம் உண்மைக்கு. பதறும் மனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: நினைப்பது உண்மையா, அல்லது நிகழக்கூடியவற்றில் மிகக் கொடியது மட்டுமா?

கலங்கியவர்களை வேதம் ஒளித்து வைக்கவும் இல்லை. கர்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா, யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாவைக் கேட்டார். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டிப்பும் அல்ல, உபதேசமும் அல்ல. தூக்கம், தழலில் சுட்ட அப்பம், தண்ணீர்; மறுபடி தூக்கம், மறுபடி அப்பம். ஓரேபில் தேவன் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பவுல், ஆசியாவில் தமக்கு நேர்ந்த உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாகக் கொரிந்தியருக்கு எழுதினார். கெத்செமனேயில் இயேசு வியாகுலப்பட்டார். உடனிருக்கும்படி சீஷர்களைக் கேட்டார். ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்ப ஜெபித்தார். பதற்றம் வருவதே விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களுக்கு இந்தப் பக்கங்களைக் கடந்துபோக வழியில்லை.

பாலைவனத்தில் நடந்த ஆராய்ச்சி

எண்ணங்களை எப்படிக் கையாள்வது என்பதைத் திருச்சபை 4ஆம் நூற்றாண்டிலேயே மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. அந்த வரலாறு இன்றைய சபைகளில் அநேகமாகப் பேசப்படுவதில்லை. அதில் முதன்மையானவர் எவாகிரியுஸ். கருங்கடலுக்குத் தெற்கேயுள்ள பொந்து நாட்டில் ஏறத்தாழ 345இல் பிறந்தவர். கான்ஸ்டான்டினோபிளில் பேர்பெற்ற பேச்சாளர். மணமான ஒரு பெண்ணோடு ஏற்பட்ட ஈர்ப்பால் மனம் குலைந்து எருசலேமுக்குத் தப்பினார். அங்கே காய்ச்சலில் படுத்தவர் பல மாதங்கள் எழவில்லை. வைத்தியர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கு மடம் நடத்திய மெலானியா என்ற பெண், உள்ளே வைத்திருப்பதைச் சொல்லிவிடும்படி அவரைக் கேட்டார். சொன்னார், தேறினார். சுமார் 383இல் எகிப்தின் பாலைவனத்துக்குப் போய், 399இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார்.

தனித்தனிக் குடில்களில், கடும் மௌனத்தில் வாழ்ந்த துறவிகளுக்கு வெளியே போராட எதுவும் இல்லை. எஞ்சியது மனம் மட்டும். அதில் எழும் எண்ணங்களை எவாகிரியுஸ் எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. இதுவே பின்னர் மேற்கே போய், போப் கிரெகோரியின் கையில் ஏழு பெரும் பாவங்களாயிற்று. ஆனால் அவர் பாவங்களைப் பட்டியலிடவில்லை. மனத்துக்குள் வந்து போகும் எண்ணங்களையே பட்டியலிட்டார். அவை வருமா வராதா என்பது மனிதன் கையில் இல்லை. வந்தவை தங்குமா தங்காதா என்பதே அவன் கையில் இருக்கிறது என்றார். கவலையால் வாடும் ஒவ்வொரு விசுவாசியும் கேட்க வேண்டிய செய்தி இது. எண்ணம் எழுவது குற்றமல்ல.

பொருளாசை எண்ணம் எப்படிப் பேசும் என்று அவர் விவரிக்கும் இடம் இன்றைக்கும் வியப்பூட்டும். நீண்ட முதுமையைப் பற்றி அது பேசும். உழைக்க முடியாமல் போகும் கைகளை, வரப்போகும் பஞ்சத்தை, நோயை, வறுமையை, அடுத்தவரிடம் கையேந்தும் அவமானத்தைக் காட்டும். பணத்தின் மீதுள்ள ஆசைக்கு அடியில் நாளையைப் பற்றிய பயம் இருப்பதை அவர் கண்டுகொண்டார். ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் கடன் தவணையுமாக இரவில் புரண்டு படுப்பவர் மனத்தில் ஓடுவது கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

இதற்கு அவர் சொன்ன மருந்து இரண்டு. ஒன்று, உற்றுக் கவனிப்பது. எந்த எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, எப்போது வலுக்கிறது, எப்போது தணிகிறது, எதை அடுத்து எது வருகிறது என்று துறவி குறித்துக்கொள்ள வேண்டும். அதன் காரணத்தைக் கிறிஸ்துவிடம் கேட்க வேண்டும். இன்னொன்று, பதில் சொல்வது. வனாந்தரத்தில் சோதனைக்காரனுக்கு இயேசு வசனத்தால் மறுமொழி சொன்னதை முன்மாதிரியாக வைத்து, ஏறத்தாழ ஐந்நூறு எண்ணங்களையும் ஒவ்வொன்றுக்கும் உரிய வேத வார்த்தையையும் எவாகிரியுஸ் ஒரு நூலாகத் தொகுத்தார். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை என்று அவர் கருதவில்லை. இந்த எண்ணத்துக்கு இந்த வார்த்தை என்றே வகுத்தார். பிற்காலத்தில் அவருடைய இறையியல் கருத்துகள் சில கண்டிக்கப்பட்டதால் அவர் பெயர் மங்கியது. வழிமுறை மட்டும் மறையவில்லை.

அதை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுபோனவர் யோவான் காசியான் என்ற துறவி. தேவனே விரைந்து உதவும் என்று கேட்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை இரவும் பகலும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருக்க அவர் கற்பித்தார். கிழக்குத் திருச்சபையில் இது இயேசுவின் நாமத்தைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒற்றை வரி ஜெபமாக வளர்ந்தது. ஆதோஸ் மலைத் துறவிகள் 14ஆம் நூற்றாண்டில் அதை மூச்சோடு இணைத்தார்கள். அவர்கள் உடலைப் பற்றி அறிந்திருந்ததைப் பின்னாளில் அளந்தும் பார்த்தார்கள். லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைந்திருந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதோடு ஒத்திசைந்தன. யோக மந்திரம் சொன்னவர்களுக்கும் அவ்வாறே. மூச்சை நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது. மேலே சொன்ன எச்சரிக்கை மணி மெல்ல ஓய்கிறது.

மருத்துவமும் மனக்கவனமும்

1960களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக், தம் நோயாளிகளின் உணர்ச்சிக்கு முன்னால் ஒரு சிறு எண்ணம் மின்னி மறைவதைக் கவனித்தார். அதைப் பிடித்து நிறுத்தி, ஆதாரம் கேட்டு, மாற்றுப் பார்வையைத் தேட அவர் பயிற்றுவித்தார். பதற்றத்தில் மனம் ஆபத்தைப் பெரிதாக்கி, தன் பலத்தையும் கிடைக்கக்கூடிய உதவியையும் சிறிதாக்குகிறது என்பது அவர் வகுத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை. இன்று பதற்றக் கோளாறுகளுக்கு மிக உறுதியான ஆதாரமுள்ள பேச்சுச் சிகிச்சை அதுதான். விசுவாசிக்கு இந்தக் கணக்கில் ஒரு பக்கம் ஏற்கெனவே பழக்கமானது: உதவி உண்டு, தனியாக இல்லை என்பது அவர் ஜெபத்தில் தினமும் சொல்வது. சிகிச்சை அந்த நம்பிக்கையைக் குறிப்பிட்ட பயங்களின் மீது பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது.

மனக்கவனப் பயிற்சி வேறொரு வழியாக வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் ஜான் கபாட்-சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிக்கு வேர் பௌத்த தியானத்தில் இருக்கிறது. எழும் எண்ணத்தைத் துரத்தாமல், அதோடு ஓடாமல், எண்ணம் என்று மட்டும் கண்டு, கவனத்தை மூச்சுக்கோ உடலுக்கோ திருப்புவது அதன் சாரம். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பதற்றக் கோளாறுள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சியும் மறு பாதிக்கு எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையும் தரப்பட்டன. எட்டு வாரத்தில் இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது.

பௌத்த வேரைக் காட்டி இதை ஒதுக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்களுடைய தயக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. வழிபாடு எதன் பக்கம் திரும்புகிறது என்பது விசுவாசத்தில் முக்கியமான கேள்வி. ஆனால் கவனிக்கும் திறமை எந்த மதத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்பதற்கு எவாகிரியுஸே சாட்சி. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக மனக்கவனப் பயிற்சியைச் சிகிச்சையாக வடிவமைத்த மூவரில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர் மார்க் வில்லியம்ஸ், இங்கிலாந்து திருச்சபையின் குருவானவரும்கூட. வேறுபாடு ஒன்று உண்டு. பொதுப் பயிற்சி எண்ணத்தைக் கவனித்து விட்டுவிடுவதோடு நிற்கிறது. கிறிஸ்தவ மரபு அதைக் கவனித்து ஒருவரிடம் ஒப்படைக்கிறது.

நடைமுறையில் இரண்டும் ஒன்றாகப் போக முடியும். பதற்றம் எழும்போது அதற்குப் பெயர் வைப்பது: இது நோயைப் பற்றிய எண்ணம், இது கடனைப் பற்றிய எண்ணம். உடல் எங்கே இறுகியிருக்கிறது என்று பார்ப்பது. மூச்சை மெதுவாக விட்டபடி குறுகிய ஜெபம் ஒன்றைச் சொல்வது. பிறகு, இதில் இன்று செய்யக்கூடியது எது என்று கேட்டு, இருந்தால் அதைச் செய்வது. இல்லையென்றால் அந்த எண்ணத்தை எழுதி வைத்து ஒரு குறித்த நேரத்துக்கு ஒத்திப்போடுவது. கவலைக்கென்று தினமும் அரைமணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரங்களில் வரும் கவலைகளை அங்கே அனுப்பிவைக்கும் முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் 1980களில் சோதித்துப் பயன் கண்டார்.

ஜெபமே கவலையின் மறுவடிவமாகிவிடும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கண்களை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் அதே பயங்களையே சுற்றிச் சுற்றி விவரிப்பவர், எழும்போது முன்னைவிட அதிகமாகப் பதறுகிறார். அதிக வார்த்தைகள் வேண்டாம் என்ற அறிவுரையும் பறவைகளையும் புஷ்பங்களையும் சொன்ன அதே 6ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

பக்தியே நோயின் ஆடையாகும்போது

விசுவாசிகளிடம் மட்டும் காணப்படும், மிக வேதனையான ஒரு வடிவம் உண்டு. மன்னிப்பு கேட்டது சரியாகக் கேட்கப்பட்டதா, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டோமா, ஜெபத்தின் நடுவே வந்த அசுத்த எண்ணம் தம்முடையதா என்று ஓயாத சந்தேகம். இதைப் பக்தி என்று மற்றவர்கள் மெச்சுவதும் உண்டு. மருத்துவத்தில் இது எண்ணச் சுழற்சி நோயின் மத வடிவம்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதில் சிக்கினார். எழுதிவைத்தும் பாவசங்கீர்த்தனம் செய்தார், திருப்தி வரவில்லை. மீண்டும் செய்தார், புதிதாக ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனது. கடைசியில், அறிக்கையிட்ட பழைய பாவங்களை இனி எடுப்பதில்லை என்று முடிவெடுத்து அதில் நின்றபோது விடுதலை கிடைத்தது. இந்த நோய்க்கு இன்று தரப்படும் சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. சந்தேகம் எழட்டும், ஆனால் அதைத் தீர்க்கும் சடங்கைச் செய்ய வேண்டாம். செய்யாமலிருக்க இருக்கப் பதற்றம் தானாகவே இறங்கும். ஒவ்வொரு முறையும் ‘நீங்கள் ரட்சிக்கப்பட்டவர்தான்’ என்று ஆறுதல் சொல்லும் போதகர் அறியாமலே சுழற்சிக்குத் தீனி போடுகிறார். இஞ்ஞாசியார் தம் பட்டறிவிலிருந்து வகுத்த விதி ஒன்று பதற்றக்காரர்கள் எல்லாருக்கும் பொருந்தும்: மனம் இருண்டிருக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது.

எல்லாக் கதையும் விடுதலையில் முடிவதில்லை. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், 1763இல் நாடாளுமன்ற மேலவை எழுத்தர் பதவிக்கான நேர்காணலை எண்ணிப் பதறி, உயிரை விடவும் முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் நத்தானியேல் காட்டனின் பராமரிப்பில் தேறினார். அங்கேதான் விசுவாசத்துக்கும் வந்தார். போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து அவர் எழுதிய ஓல்னி கீர்த்தனைத் தொகுப்பு 1779இல் வெளிவந்தது. ஆனால் 1773இல் நோய் திரும்பியபோதே, தேவன் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அவருக்குள் இறங்கிவிட்டது. 1800இல் இறக்கும்வரை அது முற்றிலும் நீங்கவில்லை. அவர் எழுதிய கீர்த்தனைகள் மற்றவர்களைத் தேற்றின. அவரைத் தாங்கியது அடைக்கலம் தந்த தோழி மேரி அன்வினின் வீடும், தோட்டமும், அவர் வளர்த்த முயல்களும், எழுத்தும். அவருடைய விசுவாசம் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

விசுவாசம் எந்த உருவில் இருக்கிறது என்பதும் முக்கியம். கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பல்லாண்டு ஆராய்ந்து இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். தேவனைத் துணையாகக் கண்டு துன்பத்தைச் சந்திப்பவர்களின் மனநலம் பொதுவாக மேம்படுகிறது. அதே துன்பத்தைத் தண்டனையாக, கைவிடப்பட்டதன் அடையாளமாகக் காண்பவர்கள் மேலும் நலிகிறார்கள். 55 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய ஆன்மிகப் போராட்டத்தில் இருந்தவர்களிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது. வியாதிப்பட்டவரின் கட்டிலருகே நின்று பாவத்தை ஆராய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் திருச்சபையும் மனநலமும்

இந்தியத் திருச்சபைக்கு இதில் சொந்த வரலாறு உண்டு. 1907இல் இந்தியா வந்த மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ், சுமார் எட்டு ஆண்டு ஊழியத்தில் நரம்புத் தளர்ச்சியால் மீண்டும் மீண்டும் உடைந்துபோனார். லக்னோவில் ஜெபத்தில் விடுதலை கண்டதாக அவரே எழுதினார். அப்படி ஜெபத்தால் குணமானவர், மற்றவர்களுக்கும் ஜெபம் மட்டும் போதும் என்று விட்டுவிடவில்லை. 1950இல் அதே லக்னோவில் நூர் மன்சில் மனநல மையத்தை நிறுவினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. அங்கே நோயாளியைத் தனியே அடைக்காமல் குடும்பத்தார் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை வளர்ந்தது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்துக் கூடாரங்களில் தங்கவைத்த காலமும் அதுதான்.

இருந்தும், 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோயுள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்ற எண்ணம் இந்த இடைவெளியை அகலமாக்குகிறது. பதற்றம் வேலையை, தூக்கத்தை, உறவுகளைக் கெடுக்கத் தொடங்கினால், அல்லது வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், காத்திருக்கக் கூடாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஏழு கேள்விப் பட்டியலில், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய பதில்களின் மதிப்பெண் 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. தைராய்டு மிகைச் சுரப்பும், அளவுக்கு மீறிய காப்பியும்கூட இதே படபடப்பைத் தரும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள்.

பதற்றத்துக்கு முதலில் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் தெரியவில்லையே என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அல்பிரசோலம் போன்றவை உடனே தணிக்கும், ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் உடல் பாதிக்கும். சாட்சி சொல்லும் உற்சாகத்தில் மேடையில் மாத்திரையைத் தூக்கி எறிய வைக்கும் கூட்டங்கள் செய்யும் கெடுதி பெரிது.

சபையால் செய்ய முடிந்ததும் நிறைய உண்டு. 1530இல் தம் வீட்டுப் பிள்ளைகளின் ஆசிரியரான ஜெரோம் வெல்லர் மனக்கலக்கத்தில் தவித்தபோது, மார்ட்டின் லூதர் அவருக்கு எழுதிய யோசனை எளிமையானது: தனியே இருக்காதே, நண்பர்களோடு உட்கார், சிரித்துப் பேசு, அந்த எண்ணங்களோடு வாதாடாதே. ஞாயிறு ஆராதனைக்குப் பின் வீட்டுக்கு வந்து பார்ப்பது, மனநல மருத்துவரிடம் கூடப் போவது, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மெதுவாக விசாரிப்பது, ஜெபக் குறிப்பில் நீரிழிவைச் சொல்வதைப் போலப் பதற்றத்தையும் வெட்கமில்லாமல் சொல்ல இடம் தருவது: இவற்றுக்குத் தனிப் படிப்பு வேண்டாம். பக்கத்தில் மருத்துவர் இல்லாத ஊரில், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.